நானும்தான் விழுந்தேன்

எங்கள் கோடவுனில் முதலில் வழுக்கி விழுந்தவன் நான். இதை இங்கேயே எழுதி வைத்துவிடுகிறேன். வேறு எங்கேயும் இது பதிவாகவில்லை.

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற ரோட்டில் இருக்கிறது எங்கள் கன்டெய்னர் யார்டு. துறைமுகத்திலிருந்து வருகிற பெட்டிகளைத் திறந்து, சரக்கை இறக்கி, கோடவுனில் அடுக்கி, பிறகு லாரியில் ஏற்றி அனுப்புகிற இடம். இதில் எண்ணுவது என் வேலை. டாலி கிளார்க் என்பார்கள். கையில் ஒரு அட்டை, அதில் கிளிப் மாட்டிய தாள். மூட்டை போகப் போக நாலு கோடு நேராக, ஐந்தாவது கோடு குறுக்காக. பத்தொன்பது வருஷமாகக் கோடு போட்டதில் தலையில் முடி போனதுதான் மிச்சம்.

நான் விழுந்தது ஒரு மழை நாளில். கோடவுன் வாசலில் ஃபோர்க்லிஃப்ட் ஏறி இறங்க ஒரு சரிவு உண்டு. அதில் கால் வைத்தேன், கால் போய்விட்டது, நான் மட்டும் அங்கேயே இருந்தேன், ஆனால் மல்லாக்க. அட்டை ஒரு பக்கம், பேனா ஒரு பக்கம். இடுப்புக்குக் கீழே வால் இருந்திருந்தால் எந்த இடத்தில் முளைத்திருக்குமோ, சரியாக அந்த இடத்தில் அடி. கண்ணைத் திறந்து பார்க்கிறேன், லோடுமேன்கள் அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். ஒருவன் கையைக்கூடத் தட்டினான்.

"மாமு, ஒன்ஸ் மோர்."

தப்பு அவர்கள் மேல் இல்லை. டீ டைமில் மேனேஜர் நடக்கிற மாதிரி நடந்து காட்டுவேன், கஸ்டம்ஸ் ஆபீசர் பெட்டியை முகர்ந்து பார்க்கிற மாதிரி பார்த்துக் காட்டுவேன், நடுநடுவே வாழைப்பழத் தோலில் கால் வைத்து விழுந்தும் காட்டுவேன். வருஷக் கணக்கில் பொய்யாக விழுந்தவன் நிஜமாக விழுந்தபோது யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மூன்று வாரம் வீட்டிலிருந்து ஸ்கூட்டர் டியூப் எடுத்துவந்து காற்றடித்து அதன்மேல் உட்கார்ந்தேன். அதற்கும் சிரித்தார்கள்.

அவனும்தான் சிரித்தான். சிரித்து முடித்துவிட்டுத்தான் கை கொடுத்துத் தூக்கினான்.

அவன் என் கூடவே வேலைக்குச் சேர்ந்தவன். அவனும் டாலி கிளார்க், பக்கத்து ஷெட். ராயபுரத்தில் சர்ச்சை ஒட்டிய சந்தில் அவன் வீடு, கல்மண்டபத்தில் என்னுடையது. தினமும் காலையில் அவன் பைக்கில் வந்து ஒரு ஹாரன் அடிப்பான், நான் ஏறிக்கொள்வேன். பத்தொன்பது வருஷத்தில் அந்த முதுகை நான் பார்த்த அளவுக்கு அவன் சம்சாரம்கூடப் பார்த்திருக்காது. சட்டையை உள்ளே விட்டு, ஹெல்மெட் வாரை இறுக்கி, ஷூவுக்கு பாலிஷ் போட்டு வருகிற ஆள். நான் எதையும் பாதியில் விடுகிற ஆள். என் பேனாவைத் திறந்தபடி எங்காவது வைத்துவிட்டுப் போனால், பின்னாலேயே வந்து மூடி போட்டுவிட்டுப் போவான். என் லாக்கரைப் பூட்டுவான். எனக்கு அது எரிச்சலாக இருக்கும். நமக்குப் பின்னாலேயே ஒருத்தன் சரிசெய்துகொண்டு வந்தால், நாம் சரியில்லை என்று ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுகிறது அல்லவா.

எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு நாற்காலி இருந்தது. யார்டு வாசலில் லாரிகளை நிறுத்தி எடை போடுகிற எடை மேடை உண்டு. அதை ஒட்டி ஒரு கண்ணாடி அறை, அதில் ஏசி, சுழல் நாற்காலி. அங்கே உட்கார்ந்திருந்த பெரியவர் அந்த வருஷம் ரிடையர் ஆகப்போகிறார். அடுத்து எங்களில் ஒருவருக்கு. யார் சீனியர் என்பதில் சந்தேகமே இல்லை, நான்தான். வேலைக்குச் சேர்ந்த அன்று அவன் பைக்கை ஸ்டாண்டு போடுவதற்குள் நான் குதித்து ஓடிப்போய் ரிஜிஸ்டரில் முதல் கையெழுத்துப் போட்டேன். ஒரு வரி சீனியர்.

ஏசிக்காக நான் ஆசைப்படவில்லை. அந்த அறையில் ஒரு மைக் இருந்தது. அதில் பேசினால் நாலு மூலை ஸ்பீக்கரிலும் கேட்கும். யார்டில் உள்ள முந்நூறு காதும் அந்த மைக்குக்குச் சொந்தம். பெரியவர் அதில் லாரி நம்பரைத் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கு வயிறு எரியும். ஒரு ஜோக்கருக்கு அந்த மைக்கைக் கொடுத்துப் பாருங்கள். வீட்டில் எவர்சில்வர் டம்ளரைப் பிடித்துப் பேசிப் பழகிக்கொண்டிருந்தேன்.

"கவனிக்கவும். மூணாவது லைன்ல நிக்கிற லாரி டிரைவர், உங்க லாரிய காணோம்னு தேடாதீங்க, நீங்கதான் அதுமேல குந்திகினு கீறீங்க."

"யோவ், அந்த டம்ளர கழுவி வெச்சிட்டு அப்பால பேசு" என்பாள் என் மனைவி.

பெரியவர் போவதற்கு இன்னும் ஒரு மாதம் இருந்தபோது அவன் விழுந்தான்.

அன்று பாமாயில் டின் வந்திருந்தது. பலகையோடு தூக்கி வைக்கும்போது ஃபோர்க்லிஃப்டின் முனை ஒரு டின்னைக் குத்திவிட்டது. நாலாம் வாசல் பக்கம் தரையில் எண்ணெய், ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு. முதலில் பார்த்தது நான்தான். பார்த்தவன் என்ன செய்ய வேண்டும் என்பதற்குச் சுவரில் ஒரு போர்டே மாட்டியிருக்கிறது. தூணில் தொங்குகிற சிவப்பு வாளியை எடுத்து மண்ணைக் கொட்ட வேண்டும், மஞ்சள் பலகை வைக்க வேண்டும், சொல்ல வேண்டியவர்களிடம் சொல்ல வேண்டும். சிவப்பு வாளி கோடவுனின் அந்தக் கோடியில். டீ வண்டி இந்தக் கோடியில். அன்று டீயோடு வெங்காய பஜ்ஜி.

எங்கள் யார்டில் ஒரு வழக்கம் உண்டு. தரையில் எது சிந்தினாலும் காலிக் கோணி ஒன்றை எடுத்து மேலே போட்டுவிடுவோம். "கோணி குடிச்சிடும்" என்போம். மழைத் தண்ணியைக் குடிக்கும், டீயைக் குடிக்கும், ஒருமுறை ஒருவன் எடுத்த வாந்தியைக்கூடக் குடித்திருக்கிறது. நானும் ஒரு கோணியை விரித்துப் போட்டுவிட்டு நடையைக் கட்டினேன். பாமாயிலைக் கோணி குடிக்காது, அதன்மேல் படகு மாதிரி மிதக்கும் என்பது எனக்குப் பாதி பஜ்ஜி வாயில் இருக்கும்போதுதான் தெரிந்தது. தகர வாளி ஒன்று சிமெண்டுத் தரையில் உருளுகிற சத்தம், அதற்குப் பின்னால் ஒரு மனிதக் குரல்.

ஓடிப்போய்ப் பார்த்தால் அவன் கிடக்கிறான். இடது பாதம், போக வேண்டிய திசையை விட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் சிவப்பு வாளி கவிழ்ந்து, தரையெல்லாம் மண். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. கை தட்டிய அதே லோடுமேன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து விசிறினான். எனக்கு முதலில் வந்தது பயம். இரண்டாவதாக வந்தது பொறாமை. பரிதாபம் கடைசியில், மூச்சு வாங்கிக்கொண்டு, பஸ்ஸைத் தவறவிட்ட ஆள் மாதிரி வந்து சேர்ந்தது.

பயத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா. அவன் காலடியில் சுருண்டு கிடந்த அந்தக் கோணியை எடுத்தேன். எடுத்த பிறகு அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், அல்லது பார்த்ததாக எனக்குத் தோன்றியது. சட்டென்று அதை நாலாக மடித்து அவன் தலைக்கு அடியில் வைத்துவிட்டேன்.

"பார்ரா, தோஸ்துன்னா இது" என்றான் அந்த லோடுமேன். "பதறிப்போய் தலைகாணி வெக்கிது பாரு மாமு."

திருட்டுப் பொருளை, பறிகொடுத்தவன் தலைக்கே தலையணையாக வைத்த ஆள் இந்த வட்டாரத்தில் வேறு யாராவது உண்டா என்று எனக்குத் தெரியாது. தரையில் இருந்த எண்ணெயும் யார் கண்ணிலும் படவில்லை. விழுகிற நேரத்திலும் அவன் வாளியிலிருந்த மண் சரியாக அதன்மேலேயே போய்க் கொட்டியிருந்தது.

அவனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்ட பிறகு மேனேஜர் விபத்து ரிஜிஸ்டரை எடுத்துவந்தார். "உங்க கையெழுத்து நல்லாருக்கும், நீங்களே எழுதிடுங்க. நான் சைன் போடறேன்."

எழுதினேன். "நாலாம் வாசல் அருகே, மண் வாளியுடன் கவனமின்றி நடந்து வந்தபோது கால் தவறிக் கீழே விழுந்தார்."

தவறி. எவ்வளவு நல்ல சொல் பாருங்கள். வழுக்கி என்று எழுதினால் எது வழுக்கியது என்று அடுத்த கேள்வி வரும், எண்ணெய் வரும், கோணி வரும், நான் வருவேன். தவறி என்றால் விழுந்தவனோடு விஷயம் முடிந்தது. தவறு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, வெளியே யாரையும் தேடிப் போகாது. அந்த வரியை எழுதிவிட்டு, அதன் அழகில் நானே கொஞ்ச நேரம் மயங்கி நின்றேன்.

கணுக்காலில் இரண்டு இடத்தில் முறிவு. பிளேட் வைத்தார்கள். அதற்குப் பிறகு எனக்கு ஆரம்பித்தது வேதனை.

ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனால் உட்கார இடம் இல்லை. கட்டிலைச் சுற்றி லோடுமேன்கள், மாதுளம்பழம், ஹார்லிக்ஸ் பாட்டில். ஜன்னல் திட்டில் ஹார்லிக்ஸை அடுக்கியிருந்த விதத்தைப் பார்த்தால் எண்ணிக் கோடு போடலாம் போல இருந்தது. பூசையில் ஃபாதர் அவனுக்காக ஜெபிக்கச் சொன்னாராம். நான் விழுந்தபோது எனக்காக ஜெபித்தது ஸ்கூட்டர் டியூபுக்குக் காற்றடித்த பையன் மட்டும்தான். அதுவும் அவன் ஜெபித்தானா, முணுமுணுத்தானா, தெரியாது.

என் வீட்டில் என்ன நடந்தது என்றால், மனைவி காசிமேட்டிலிருந்து பால்சுறா வாங்கிவந்து புட்டு செய்தாள். வாசம் தெருமுனை வரை வந்தது. கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தேன். அவள் டிபன் பாக்ஸில் போட்டு மூடிக்கொண்டிருந்தாள்.

"இன்னா, எங்க எடுத்துகினு போற?"

"ரணம் ஆறும், அண்ணனுக்குக் குடுத்துட்டு வா."

"எனக்கு முதுகு போனப்ப இன்னா குடுத்த?"

"உனுக்கு இன்னா போச்சி? நீ ஷோ காட்டுன."

அந்த டிபன் பாக்ஸைப் பஸ்ஸில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனேன். அவன் பைக் இல்லாததால் இப்போது எனக்குப் பஸ்தான். கூட்டத்தில் ஒரு காலை மட்டும் ஊன்றி நிற்கக் கிடைத்த இடத்தில், யாருடைய கால் உடைந்தது என்றே எனக்குக் குழப்பமாகிவிட்டது. பாதி வழியில் மூடியைத் திறந்து ஒரு விரல் எடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதெல்லாம் போகட்டும். ஒரு நாள் காலையில் மேனேஜர் எல்லாரையும் கூப்பிட்டு, பெரியவர் இடத்துக்கு அவனைப் போடப்போவதாகச் சொன்னார். இனிமேல் அவனால் கன்டெய்னர் மேல் ஏறி இறங்க முடியாது, உட்கார்ந்து செய்கிற வேலை இது ஒன்றுதான், இல்லையென்றால் அவனை வைத்துக்கொள்ள வழியில்லை என்றார். லோடுமேன்கள் தலையாட்டினார்கள். பாவம், நியாயந்தானே. நானும் தலையாட்டினேன். கழுத்துக்கு மேலே மட்டும்.

மறுநாளிலிருந்து நான் லேசாக நொண்ட ஆரம்பித்தேன். பழைய முதுகு வலி காலுக்கு இறங்கிவிட்டது என்று நாலு பேர் காதில் போட்டேன். மூன்றாம் நாள் அந்தக் கைதட்டிய லோடுமேன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மாமு, நேத்து லெஃப்ட்டுல நொண்டின. இன்னிக்கி இன்னா ரைட்டு? டபுள் டூட்டியா?"

நொண்டுவதை நிறுத்தினேன்.

அந்த வாரம்தான் சேஃப்டி மேடம் வந்தார். தலைமை ஆபீசிலிருந்து புதிதாக அனுப்பப்பட்ட பெண், தஞ்சாவூர்ப் பக்கம், என் பெரிய மகளை விட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். தலையைவிடப் பெரிய ஹெல்மெட் போட்டுக்கொண்டு ரிஜிஸ்டரை வரி வரியாகப் படித்தார். எங்கள் யார்டில் அந்த ரிஜிஸ்டரை எழுதியவர்கள் உண்டு, படித்தவர் அவர்தான் முதல் ஆள். என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணே, இது உங்க எழுத்துதானே? அவர் விழும்போது நீங்க பாத்தீங்களா?"

"டீ குடிச்சிகினு... குடிச்சிட்டு இருந்தேங்க."

"அப்புறம் தவறின்னு எப்படித் தெரிஞ்சுது?"

"விழுந்தாருங்க. விழுந்தா தவறிதானே."

"வழுக்கியும் விழலாமே. தவறின்னா அவர் மேல தப்பு. வழுக்கின்னா தரை மேல தப்பு. அவரோட ஷூவ முதலுதவி ரூம்ல வெச்சிருக்காங்க. அடியில எண்ணெய் இருக்கு."

எனக்கு அந்த ஹெல்மெட்டை வாங்கி என் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

அவர் குரலை உயர்த்தவே இல்லை. கவனக்குறைவு என்று முடிவானால் அவனுக்கு மெமோ. மெமோ வாங்கியவருக்கு ஒரு வருஷத்துக்கு வேலை மாற்றித் தர விதி இல்லை. மேலே ஏறவும் முடியாது, கீழே உட்காரவும் கூடாது என்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். "திங்கக்கிழமை முடிக்கணும். நீங்க சாட்சியா ஒரு வார்த்தை எழுதித் தந்தா போதும். தவறியா, வழுக்கியா."

அன்று பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட் கிடைத்தது. ஆனாலும் உட்கார முடியவில்லை. ஒரு வார்த்தை சும்மா இருந்தால் மைக் எனக்கு. ஒரு வார்த்தை மாற்றினால் மெமோ எனக்கு. சும்மா இருந்தால் அவன் வேலையும் போகும் என்பது நடுவில் ஒரு மூட்டை மாதிரி வந்து உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்றது. அவனுக்குக் கோணி விஷயம் தெரியுமா என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை போனேன். பார்க்கப் போனதாகச் சொல்லிக்கொண்டேன்.

அறையில் அவன் தனியாகத்தான் இருந்தான். கால் தலையணை மேல். என்னைப் பார்த்ததும் சிரித்தான்.

"இன்னா மாமு, மூஞ்சி வறுத்த கருவாடு மாதிரி கீது?"

"பஸ்ஸுல கூட்டம்."

"ஞாயித்துக்கெழமையா?"

ஹார்லிக்ஸ் பாட்டில்களைப் பார்த்தேன். இரண்டு புதிதாகச் சேர்ந்திருந்தன. அந்த நிலையிலும் எண்ணினேன், அது வியாதி.

"அன்னிக்கி நீ இன்னாத்துக்கு அந்த வாளிய எடுத்துகினு வந்த?" என்றேன், பொதுவாகக் கேட்கிற மாதிரி.

"நீ கோணி போட்டத என் ஷெட்டுலேர்ந்து பாத்தேன்" என்றான். "எண்ணெ மேல எவனாவது கோணி போடுவானா? நீ போட்ட. போட்டுட்டு பஜ்ஜிக்கு ஓடன. சரி, வழக்கம்போல பின்னாடி போயி நாம மண்ண போட்டுடலாம்னு வாளிய தூக்கினு வந்தேன். வாளி மறச்சிச்சி, கோணி எது தரை எதுன்னு தெரியல. கால வெச்சேன்."

எனக்கு வாய் வறண்டுவிட்டது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வாயை வைத்துப் பிழைக்கிறவனுக்கு அது பெரிய நஷ்டம்.

"அப்ப ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். வலிக்கும்போதெல்லாம் உன்ன திட்டிகினுதான் கீறேன், அத்த இன்னும் நிறுத்தல. ஆனா சொல்லணும்னு வாய தொறந்தா, அந்த கோணிய மடிச்சி என் தலைக்கு வெச்ச பாரு, அது ஞாபகம் வந்துடுது. சிரிப்பு வந்துடுது, சொல்ல முடியல. நர்ஸு கேட்டுது, இன்னாங்க, தலைக்கு என்ன எண்ணெ தேய்க்கிறீங்கன்னு. நான் இன்னான்னு சொல்றது?"

அவன் சிரித்தான், கால் ஆடியதில் வலித்து முகத்தைச் சுளித்தான், மறுபடியும் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. இத்தனை வருஷத்தில் என்னைவிட நல்லதாக ஒரு நகைச்சுவையை அவன் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவும் என்னை வைத்தே. அதிலும் எனக்குக் கொஞ்சம் காண்டு.

பிறகு அவன் கேட்டான். "ரிஜிஸ்டர்ல நீதான எழுதன? இன்னான்னு எழுதன?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"வழுக்கின்னு."

"அப்ப சரி" என்றான். அவ்வளவுதான். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான், மாத்திரையின் மயக்கம்.

நான் வெளியே வந்தபோது என் செருப்பு இரண்டும் வாசலில் ஒழுங்காகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. நான் உதறிவிட்டு வந்தது இரண்டு மூலையில். அவன் சம்சாரம் வைத்திருக்கும். அந்தக் குடும்பத்துக்கே இந்த நோய்.

திங்கட்கிழமை காலையில் சேஃப்டி மேடம் முன்னால் போய் உட்கார்ந்தேன். நான் திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவனிடம் ஒரு பொய் சொல்லிவிட்டேன், அதை மெய்யாக்கியாக வேண்டும், அவ்வளவுதான். தன் ஷூவைத் தானே பாலிஷ் போட்டுக்கொண்டு வருகிற ஆளிடம் பொய் சொல்லி மாட்டினால் ஆயுசுக்கும் தப்பிக்க முடியாது. ரிஜிஸ்டரைக் கேட்டேன்.

"அடிச்சு எழுதலாமா?"

"எழுதலாம்ணே. ஒரே கோடு போடுங்க, பழசு தெரியணும். பக்கத்துல கையெழுத்துப் போடுங்க."

தவறி மேல் ஒரு கோடு போட்டேன். மூட்டை எண்ணும்போது போடுகிற குறுக்குக் கோடு மாதிரி விழுந்தது. கவனமின்றி மேல் இன்னொன்று. மேலே வழுக்கி என்று எழுதினேன். பேனாவைக் கீழே வைக்கப் போனேன்.

"எதுல வழுக்கி?"

"தரையில் சிந்திய எண்ணெய் மீது கிடந்த கோணியில்" என்று எழுதினேன்.

"கோணி தானா வந்து கிடக்குமாண்ணே?"

"கோணியைப் போட்டது நான்" என்று எழுதினேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"நான்னா யாருன்னு தெரியாது. பேர் எழுதுங்க."

பேரை எழுதினேன். வாத்தியார் நோட்டில் எழுதுகிற மாதிரி அழகாகத்தான் வந்தது. அவர் படித்துவிட்டு, "கையெழுத்து உண்மையிலேயே நல்லா இருக்குண்ணே" என்றார். கிண்டலா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கிண்டலாக இருந்தால், அந்த வயதில் அந்த முகத்தை வைத்துக்கொண்டு அதைச் சொன்னதற்காக அவர்மேலும் எனக்குப் பொறாமைதான்.

மெமோ எனக்கு வந்தது. ஒரு வருஷத்துக்கு வேலை மாற்றம் கிடையாது என்று அதில் போட்டிருந்தது. சீனியாரிட்டி போயிற்று. கோடவுனில் இருந்த காலிக் கோணியெல்லாம் ஒரு கூண்டில் போட்டுப் பூட்டப்பட்டது, சாவி மேடத்திடம். மெமோ ஒட்டிய பலகையை லோடுமேன்கள் கூட்டமாக நின்று படித்தார்கள். அன்று மத்தியானத்திலிருந்து எனக்குப் பேர் கோணி மாமு.

பெரியவர் போய் மூன்று மாதம் கழித்து, ஒரு கைத்தடியோடு அவன் திரும்பி வந்தான். அதுவரை அந்த நாற்காலியை மேனேஜர் காலியாகவே வைத்திருந்தார். அவன் கண்ணாடி அறைக்குப் போய் முதலில் நாற்காலியைத் துடைத்தான், பிறகு மைக்கைத் துடைத்தான். முதல் வாரம் முழுக்க லாரி நம்பர்தான். ஒரு எழுத்து அதிகமும் கிடையாது, ஒரு எழுத்து குறைவும் கிடையாது. அந்த மைக் அங்கே கிடந்து வீணாவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. தினமும் எடை மேடையைத் தாண்டித்தான் நாலாம் வாசலுக்குப் போக வேண்டும். அந்தப் பக்கம் திரும்பாமல் போவேன்.

இரண்டாம் வாரத்தில் ஒரு நாள், டீ முடிந்து போய்க்கொண்டிருக்கிறேன். ஸ்பீக்கர் கரகரத்தது. எல்லா டிரைவரும் தங்கள் நம்பர் என்று நினைத்துத் தலையைத் தூக்கினார்கள்.

"கவனிக்கவும். கோணி மாமு, காலுக்கு கீழ பாத்து நட."

யார்டு முழுக்கச் சிரிப்பு. கிரேன் மேலே இருந்தவன்கூடச் சிரித்தான். நான் நின்று திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் அவன் முகம் நேராக, எடைச் சீட்டைப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி.

இப்போது அது தினசரி வழக்கமாகிவிட்டது. போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. மழை நாளில் இரண்டிரண்டு தடவை. நானும் பார்த்துத்தான் நடக்கிறேன், வேறு என்ன செய்ய. தரையில் ஏதாவது ஈரம் கண்ணில் பட்டால் நின்று, சிவப்பு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து கொட்டுகிறேன். பஜ்ஜி ஆறிப் போகிறது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவன் அந்த வரியை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறான். அது தப்பு. கோணி மாமு என்றதும் ஒரு நொடி நிறுத்த வேண்டும். முந்நூறு காதும் காத்திருக்க வேண்டும். அதற்கப்புறம்தான் காலுக்கு வர வேண்டும். நானாக இருந்தால் நிறுத்தியிருப்பேன்.